தெளிந்த தண்ணீரும் கடலைக் கெடுக்கும்

கடலோரச் சிற்றூர்களின் கழிவுநீர் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிறு சுத்திகரிப்பு நிலையங்களை நெடுங்காலம் நடத்திய பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஊரில் ஐயாயிரம் பேர் இருக்கிறோம். கழிமுகத்தை ஒட்டிச் சிறிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வரப்போகிறது. கட்டித் தரும் நிறுவனம், "பி.ஓ.டி. (நீரில் உள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும்" என்கிறது. இதற்கு மேல் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
(ஊர் மன்ற உறுப்பினர் ஒருவர்)

பதில்: மொத்த நைட்ரஜன் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக வாங்காமல் ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதி வாங்குங்கள். உங்கள் கழிமுகத்தின் கதி பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்ததுதான்.

ஒருவர் உடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 11 கிராம் நைட்ரஜன் வெளியேறுகிறது. பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. ஐயாயிரம் பேருக்கு நாளுக்கு 55 கிலோ, ஆண்டுக்கு 20 டன். பி.ஓ.டி.யைக் குறைப்பதற்கென்று மட்டும் கட்டிய நிலையத்தில் இதில் கால்வாசிதான் கசடோடு சேர்ந்து நிற்கும். மீதி 15 டன்னும் தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போய்விடும். கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. அது விழும் இடத்தில் கடல் கெடும்.

நன்னீர் ஏரியில் பாசி பெருகுவதைப் பெரும்பாலும் பாஸ்பரஸ் தீர்மானிக்கும். கடலில், கழிமுகத்தில், அந்த இடம் பெரும்பாலும் நைட்ரஜனுக்கு. அது கூடினால் முதலில் நீரில் மிதக்கும் நுண்பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கிறது. கடற்புல்லின் இலைமேலும் பாசி படர்கிறது. வெளிச்சம் கிடைக்காத கடற்புல் மெலிந்து சாகிறது. அதை நம்பியிருந்த இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்க இடமில்லாமல் போகின்றன. செத்த பாசி அடியில் அழுகும்போது ஆக்சிஜனும் போகிறது.

இது சரிசெய்ய முடியாததல்ல. அமெரிக்காவின் புளோரிடாவில் டாம்பா விரிகுடா ஒரு காலத்தில் பச்சைக் குழம்பாக இருந்தது. 1970களின் இறுதியில் அந்நகரச் சுத்திகரிப்பு நிலையத்தில் நைட்ரஜனை நீக்கும் பகுதியைச் சேர்த்தார்கள். பிற மூலங்களையும் குறைத்தார்கள். 1982இல் சுமார் 21,600 ஏக்கராகச் சுருங்கிக் கிடந்த கடற்புல், 2014இல் 40,000 ஏக்கரைத் தாண்டியது. பிற்பாடு மறுபடி பத்தாயிரம் ஏக்கர் அளவுக்குப் போனது வேறு விஷயம். ஆனால் நைட்ரஜனைப் பிடித்தால் கடல் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் அறிந்தவரை இல்லை. முப்பது ஆண்டு பிடித்தது என்பதையும் உங்கள் மன்றத்தில் சேர்த்தே சொல்லுங்கள்.

"சின்ன ஊர்தானே, சட்டம் கேட்கவில்லையே" என்பார்கள். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு விதியில், எளிதில் கெடக்கூடிய நீர்ப்பகுதி என்று அறிவித்த இடங்களில்கூட, பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட ஊர்களுக்குத்தான் நைட்ரஜன் வரம்பு இருந்தது. ஆழமில்லாத, தண்ணீர் மாறாத ஒரு காயலுக்குப் பத்தாயிரம் என்ற எல்லைக்கோடு தெரியாது. அதே புளோரிடாவில் பவளத் திட்டுகளை ஒட்டிய கீஸ் தீவுகளில், நாளுக்கு 3,80,000 லிட்டருக்குக் குறைவான சிறு நிலையங்களுக்கும் வரம்பு வைத்தார்கள். பி.ஓ.டி. 10, மிதக்கும் திடப்பொருள் 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். நீங்கள் கேட்க வேண்டியதும் ஏறத்தாழ இந்த அளவுதான். சிறு நிலையத்தால் முடியும்.

இன்னொன்று. நிறுவனம் "அம்மோனியா 1 மில்லிகிராம்கூட இருக்காது" என்று காட்டினால் அதோடு விட்டுவிடாதீர்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறியிருக்கும், அவ்வளவுதான். மீனுக்கு நைட்ரேட்டால் உடனடி நஞ்சு குறைவு. பாசிக்கு இரண்டும் தீனி.

கேள்வி: அம்மா, நான் ஒரு சிறு நிலையத்தில் ஆபரேட்டர். காலையில் பார்க்கும்போது, கசடு படியும் செட்லிங் டேங்க் நன்றாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் கசடு கட்டிகட்டியாக மேலே மிதந்து வருகிறது. கசடு கெட்டுவிட்டது என்று மேலதிகாரி திட்டுகிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கசடு, அதாவது கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்க் கூட்டம், பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காற்று ஊட்டும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தண்ணீர் மொண்டு, வெயில் படாத மேசையில் அசையாமல் வையுங்கள். வழக்கம்போல அரை மணியில் எவ்வளவு படிந்தது என்று குறியுங்கள். 200, 300 மில்லியில் நின்று, மேல்தண்ணீர் தெளிந்திருந்தால் நல்லது. பெரும்பாலோர் அத்தோடு ஜாடியைக் கழுவி வைத்துவிடுவார்கள். நீங்கள் கழுவாதீர்கள், இன்னும் ஒன்று இரண்டு மணிநேரம் விட்டுவையுங்கள். படிந்த கசடுக்குள் ஊசிமுனை அளவு குமிழிகள் தோன்றும். பிறகு கசடு நடுவில் விரிசல் விட்டு, ஒரு பாளமாக அப்படியே கிளம்பி மேலே வரும். ஒரு குச்சியால் மெல்லத் தட்டினால் குமிழி விட்டுத் திரும்பவும் கீழே போய்ப் படியும். அந்தக் குமிழி நைட்ரஜன் வாயு.

நடப்பது இதுதான். உங்கள் டேங்கில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கிவிட்டன. செட்லிங் டேங்கின் அடியில் கசடு அதிக நேரம் கிடக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்க, மிச்ச நைட்ரஜன் வாயுவாகப் பிரிகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அந்த வாயுதான், அது வெளியே போவதால் யாருக்கும் கேடில்லை. கடலைக் காப்பாற்றும் வேலையே அதுதான். தவறான தொட்டியில் நடக்கிறது, அதுதான் தொல்லை.

அதைச் சரியான தொட்டிக்குக் கொண்டு வாருங்கள். செட்லிங் டேங்கிலிருந்து ஏரேஷன் டேங்குக்குத் திரும்பும் கசடின் பம்பைக் கொஞ்சம் கூட்டினால் அடியில் தேங்குவது குறையும். இது உடனடி நிவாரணம். அடுத்தது, ஏரேஷன் டேங்கில் காற்றை ஊதும் புளோயரை இருபத்து நான்கு மணிநேரமும் ஓட்டாமல் இடைவெளி விட்டு ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை மணி ஓட்டம், முக்கால் மணி நிறுத்தம் என்று தொடங்கலாம். நிறுத்தும் நேரத்தில் கசடு அடியில் படியாதபடி கலக்கும் மிக்சர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புதுக் கழிவுநீரும் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். அதில் உள்ள கரிமம் இல்லாமல் நைட்ரேட் வாயுவாக மாறாது. காலையில் வீடுகளிலிருந்து கெட்டியாக வரும் நேரத்தோடு நிறுத்தத்தைப் பொருத்தினால் பலன் கூடும். அம்மோனியா ஏறுகிறதா என்று தினமும் பாருங்கள். ஏறினால் ஓட்ட நேரத்தைக் கூட்டுங்கள். மின்செலவும் குறையும் என்பதை மேலதிகாரியிடம் சொல்லுங்கள், அந்தப் பேச்சு அவர் காதில் ஏறும்.

காரத்தன்மையை, அதாவது அமிலத்தை முறிக்கும் இருப்பை, மறக்காதீர்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 7 கிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மை செலவாகிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வந்தால் 280 மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை போய்விடும். மென்னீர் புழங்கும் ஊர்களில் அவ்வளவு இருப்பு இருக்காது. பி.எச். சரிந்து நுண்ணுயிர்கள் முடங்கும். நைட்ரேட் வாயுவாக மாறும்போது அதில் பாதி திரும்பக் கிடைக்கிறது. இடைவெளி ஓட்டத்துக்கு இன்னொரு காரணம் இது.

உங்களைத் திட்டிய மேலதிகாரிக்கு அந்த ஜாடியை நேரில் காட்டுங்கள். பலர் அறிக்கையில் எண்ணைப் பார்த்திருக்கிறார்கள், இதைப் பார்த்ததில்லை. சிறு நிலையம் என்பது அதில் வேலை செய்யும் ஆபரேட்டர்தான் என்பது என் உறுதியான எண்ணம். புளோயர் நின்றால் டேங்கில் உள்ள ஆக்சிஜன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஓசை மாறியதைக் காதால் கண்டுபிடித்து ஓடி வருகிற ஆளை, நிலையான சம்பளமில்லாமல், விடுப்புக்கு மாற்று ஆளில்லாமல் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம் வாங்கினாலும் பயனில்லை. உங்களைப் போல் கேள்வி கேட்கிற ஆள் கிடைத்த ஊர் கொடுத்துவைத்தது.

கேள்வி: கிருமிதானே பிரச்சினை? கடைசியில் நிறையக் குளோரின் போட்டுவிட்டால் போதாதா?

பதில்: போதாது. குளோரினைக் கூட்டிப் போடுவது கடலுக்கு இன்னொரு கேடு. கிருமி நீக்கிய தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் என்று வைப்பது வழக்கம். கடல் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்துள்ள உச்ச வரம்பு லிட்டருக்கு 0.013 மில்லிகிராம். சிப்பியின் முட்டையும் இளம்புழுவும் அவ்வளவு மென்மையானவை. குளோரின் போட்டால், வெளியேறும் முன் சோடியம் பைசல்பைட் கொண்டு அதை முறித்தே ஆக வேண்டும். முடிந்தால் புற ஊதா விளக்குக்குப் போங்கள். அதற்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், விளக்கின் மேலுறையை விடாமல் துடைக்க வேண்டும். எதுவானாலும் நைட்ரஜன் அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது. ஒருநாளும் நிரம்பியதில்லை, நாற்றமுமில்லை. மணல் பூமி, தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. நான் ஏன் குழாய் இணைப்பு வாங்க வேண்டும்?

பதில்: நிரம்பாத டேங்க் நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்பது இயல்பு. கடற்கரை மணலில் அது எனக்குக் கவலை தருகிற அறிகுறி. செப்டிக் டேங்க் கசடைப் படிய வைக்கும். நைட்ரஜனை ஏறக்குறைய அப்படியே வெளியே விடும். மிச்ச வேலையைச் செய்ய வேண்டியது மண். அதற்கு உறிஞ்சு குழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே குறைந்தது முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உலர்ந்த மண் இருக்க வேண்டும். கடலோரத்தில், அதுவும் ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) ஏறும்போது, அந்த இடைவெளி இருப்பதில்லை.

நான் மேலே சொன்ன கீஸ் தீவுகளில் 1990களில் ஒரு சோதனை செய்தார்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத வைரஸ் ஒன்றை அடையாளத்துக்காகக் கழிப்பறை வழியாகச் செப்டிக் டேங்கில் விட்டார்கள். ஒரே நாளுக்குள் அது பக்கத்துக் கால்வாயிலும் கரையோரக் கடலிலும் கிடைத்தது. அங்கே நிலம் சுண்ணாம்புப் பாறை, ஓட்டை அதிகம். மணலில் அவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அதே பகுதியில் மான்கொம்புப் பவளத்தைக் கொன்ற வெள்ளைத் திட்டு நோய்க்குக் காரணமான பாக்டீரியா மனிதக் கழிவிலிருந்து வந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆயிரக்கணக்கான வீட்டுத் தொட்டிகளை மூடிக் குழாய் போட்டார்கள். இணைப்பு வாங்குங்கள். கையிலிருந்து பணம் போகிறதே என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தச் செலவை ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மன்றத்தில் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. இயந்திரம் எதற்கு, கரையில் இருக்கும் அலையாத்திக் காட்டிலேயே கழிவுநீரை விட்டால் மரங்கள் உறிஞ்சிக்கொள்ளாதா?

பதில்: உங்கள் கேள்வியில் பாதி சரி. தாவரமும் சேறும் சேர்ந்து நைட்ரஜனை நீக்கும். அதற்கென்று நாம் கட்டிய ஈரநிலமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற காட்டை அந்த வேலைக்குப் பலி கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளம் தீவுக் கழிமுகத்தில் ஓர் உவர்ச் சதுப்பு நிலத்தில் ஒன்பது ஆண்டுகள் ஓதத் தண்ணீரோடு நைட்ரஜனைக் கலந்துவிட்டுப் பார்த்தார்கள். முதலில் புல் செழித்தது. உரம் எளிதாகக் கிடைப்பதால் அது வேரை ஆழமாக விடவில்லை. தண்டு மட்டும் உயர்ந்தது. வேர் பிடிப்பில்லாத ஓடைக்கரைகள் விரிசல் விட்டுச் சரிந்து விழுந்தன. 2012இல் அந்த முடிவுகள் வெளியாயின. அலையாத்தி மரங்களிலும் இதற்கு நெருங்கிய ஒன்றை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சத்து மிகுந்த மரங்கள் வேரைவிடக் கிளையை அதிகம் வளர்த்து, மழை பொய்த்து உப்பேறிய காலத்தில் அதிகமாக மடிந்தன. பச்சைப்பசேல் என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

கட்டிய ஈரநிலத்துக்கு நான் எப்போதும் காட்டும் ஊர் கலிபோர்னியாவின் ஆர்க்கேட்டா. ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில், இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். 1970களில் மாநில அரசு, சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஒரே பெரிய நிலையம் கட்டி, கழிவுநீரைக் கடலுக்குள் குழாயில் அனுப்பத் திட்டமிட்டது. ஆர்க்கேட்டா மறுத்தது. அங்கிருந்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் ராபர்ட் கியர்ஹார்ட், ஜார்ஜ் ஆலன் இருவரும் ஊரோடு நின்றார்கள். 1979 முதல் மாதிரிக் குளங்களில் சோதித்துக் காட்டி, 1986இல் முழு அளவில் நடத்தத் தொடங்கினார்கள். கசடைப் படிய வைத்து, ஆக்சிஜனேற்றக் குளங்களில் தங்க வைத்து, பிறகு கோரையும் நாணலும் வளர்ந்த ஈரநிலங்கள் வழியாக நீர் மெல்லப் போகிறது. பழைய குப்பைமேடும் மரக்கட்டைக் குளங்களும் இருந்த கரை அது. இன்று பறவை பார்க்க வருகிறவர்கள் நடமாடும் சரணாலயம்.

உங்கள் ஊரில் இதைச் செய்யலாமா என்பதை இடம்தான் முடிவு செய்யும். வெப்ப நாடுகளில் ஆளுக்கு 1 முதல் 3 சதுர மீட்டர் வரை நாணல் படுகை தேவைப்படும். ஐயாயிரம் பேருக்கு ஒரு ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெள்ளம் ஏறாத மேட்டில். இடம் உண்டென்றால் இயந்திர நிலையத்துக்குப் பின்னால் கடைசிப் படியாக வைப்பதை நான் விரும்புவேன். புளோயர் ஒருநாள் படுத்தாலும் கடலுக்கு முன்னால் ஒரு தடுப்பு நிற்கும்.

கேள்வி: ஓதம் பெருகும் நாட்களில் எங்கள் நிலையத்துக்கு வரும் தண்ணீர் இரட்டிப்பாகிறது. மழையே இல்லை. மறுநாள் வெளியேறும் தண்ணீர் கலங்கி வருகிறது. கூடுதல் டேங்க் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: டேங்க் கட்டும் முன், தண்ணீரில் உப்பு ஏறியதைக் காட்டும் மின்கடத்துமை மீட்டர் ஒன்று வாங்குங்கள். கையடக்கமானது போதும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஊர் தூங்கும். அப்போது சாக்கடையில் ஓடுவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து புகுந்த தண்ணீர். ஓதம் ஏறிய இரவிலும் வற்றிய இரவிலும் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். சாதாரணக் கழிவுநீர் 1,000 அலகு காட்டும் ஊரில், கடல்நீர் 50,000 காட்டும். நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் புகுந்தாலே எண் இரட்டிப்பாகிவிடும். இரட்டிப்பைத் தாண்டிப் பலமடங்கு ஏறினால் கடல் உங்கள் குழாய்க்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு மேன்ஹோல் மேன்ஹோலாக மேல்நோக்கிப் போங்கள். மூடியைத் திறந்து கயிற்றில் கட்டிய வாளியால் மொண்டு அளக்க வேண்டும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கடல்நீரின் சல்பேட் சாக்கடையில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும், ஒரே மூச்சில் ஆளைக் கொல்லும். எண் சட்டென்று விழுகிற இடத்துக்கும் அதற்கு முந்தைய மேன்ஹோலுக்கும் நடுவில்தான் உடைந்த இணைப்பு இருக்கும். அந்த ஒரு துண்டைச் சரிசெய்தால் பெரும்பாலும் புது டேங்க் தேவைப்படாது. உப்பு நிலையாக இருந்தால் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். இன்று ஏறி நாளை இறங்கினால் தாங்காது. அதனால்தான் மறுநாள் கலங்குகிறது.

கேள்வி: நாங்கள் சிப்பி எடுக்கிற குடும்பம். சுத்திகரித்த தண்ணீரை விடும் குழாயை எங்கள் திட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார்களாம். ஆழத்தில் விடுகிறோம், பயப்படாதீர்கள் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். சுத்திகரித்த தண்ணீர் நன்னீர். கடல்நீரைவிட இலேசானது. ஆழமற்ற இடத்தில் குழாய் வாயிலிருந்து நேரே மேலெழும்பி, மேற்பரப்பில் படலமாகப் பரந்து, காற்று கரைநோக்கி அடித்தால் கரைக்கே வரும். எந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அந்தக் கடலில் வாழும் உங்களுக்குத் தெரிந்த அளவு வரைபடம் போட்டவருக்குத் தெரியாது. அதைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள்.

ஹவாயில் கனியோஹே விரிகுடாவில், கழிவுநீரைத் தின்று பெருகிய பாசி பவளத்தைப் போர்த்தி மூடியது. 1977–78இல் குழாயை விரிகுடாவுக்கு வெளியே ஆழ்கடலுக்கு மாற்றினார்கள். தண்ணீர் விரைவில் தெளிந்தது. அந்தப் பாசி முழுதாக விலக 2006 ஆயிற்று. குழாய் வாயை முதலிலேயே சரியான இடத்தில் வைப்பதற்காகச் சண்டை போடுவது வீண் இல்லை.

சிப்பி, தண்ணீரை வடித்து உண்கிற உயிர். அதில் உள்ள வைரஸைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். மலம் கலந்ததைக் காட்டும் ஈ கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற அறிக்கை வைரஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உப்புநீரில் ஈ கோலை சீக்கிரம் செத்துவிடும், வாந்திபேதி தரும் நோரோவைரஸ் நெடுநாள் தாங்கும். எனவே மூன்றைக் கேளுங்கள். உப்புநீரில் ஈ கோலையைவிட அதிக நாள் தாங்கும் என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவையும் சோதனையில் பார்க்க வேண்டும். நிலையம் பழுதானால் அன்றைக்கே, சிப்பி எடுக்கப் போகும் முன், உங்களுக்குத் தகவல் வர வேண்டும். குழாயில் விடுவதற்குப் பதிலாக மரம் வளர்க்கவோ நிலத்துக்குப் பாய்ச்சவோ முடியுமா என்பதற்கு அவர்கள் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கோடைக்காலம் முழுவதும் நிலத்துக்குத் திருப்பினாலே, பாசி பெருகும் பருவத்தில் கடலுக்குப் போகும் நைட்ரஜன் பெருமளவு நின்றுவிடும்.

கேள்வி: பக்கத்து ஊர்களின் செப்டிக் டேங்க் லாரிகள் எங்கள் சிறு நிலையத்தில் கொட்ட அனுமதி கேட்கின்றன. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காவிட்டால் அவை இரவில் ஓடையில் கொட்டும். அதனால் கொடுங்கள், ஆனால் நேரே ஏரேஷன் டேங்கில் விடாதீர்கள். அந்தக் கசடு சாதாரணக் கழிவுநீரைப்போலப் பத்து, இருபது மடங்கு கெட்டியானது. ஒரு லாரியை ஒரே நேரத்தில் விட்டால் ஆக்சிஜன் முழுவதும் அதற்கே போய், அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். அவை மெதுவாகப் பெருகுகிறவை, ஒருமுறை போனால் திரும்பி வரப் பல நாட்கள் ஆகும். தனித் தொட்டியில் வாங்கி, சல்லடையில் வடித்து, கசடை உலர்த்தும் படுகைக்கு அனுப்புங்கள். வடிந்த தண்ணீரை மட்டும் இரவில், ஊரிலிருந்து வரத்து குறைந்த நேரத்தில், சிறுகச் சிறுக உள்ளே விடுங்கள். ஒவ்வொரு லாரிக்கும் எந்த ஊர், எத்தனை லிட்டர் என்று பதிவேட்டில் எழுதுங்கள். தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்கிறதா என்று மணத்தையும் நிறத்தையும் பி.எச்.சையும் பார்க்காமல் வால்வைத் திறக்க வேண்டாம். உலர்த்தும் படுகைக்கு மேல் கூரை போடுங்கள். மழைக்காலத்தில் கூரையில்லாத படுகை காய்வதில்லை, வழிந்து ஓடும் தண்ணீர் கழிமுகத்துக்குத்தான் போகும்.